நட்சத்திரம் போடாத வாக்கியம்

தளவாய் விடிந்ததும் எழுந்தான். பல் தேய்த்தான். மோட்டாரைப் போட்டான். பால் பாக்கெட்டைக் கத்தரித்து அடுப்பில் வைத்தான். பால் பொங்குவதற்குள் வாசலில் கிடந்த வேப்பஞ்சருகைக் கூட்டித் தள்ளினான். காபி கலந்து நின்றபடியே குடித்தான். நேற்று வடித்த சோற்றில் மோர் ஊற்றி டப்பாவில் அடைத்தான். பிறகு பின்பக்கம் போய், மாடித் தொட்டி நிரம்பித் தண்ணீர் வழிகிற வரை சுவரில் சாய்ந்து நின்றான். வழிந்தது. மோட்டாரை நிறுத்தினான். குளித்தான். சட்டைக்கு இஸ்திரி போட்டான். கதவைப் பூட்டினான்.

கீழ் வீட்டில் இருக்கும் வீட்டுக்காரர் சுயம்புலிங்கம் படிக்கட்டருகே அவனை மறித்தார்.

“தம்பி, ஊரே சென்சார் மாட்டிருச்சு. தொட்டி நிரம்புனா தன்னால நின்னுக்கிரும். என் செலவுலயே மாட்டித் தாரேன்யா. காலங்காத்தால செவுத்தைப் பிடிச்சுக்கிட்டு நிக்கியே, பார்க்கவே சகிக்கல.”

“வேண்டாம் சார்.”

“ஏன் வேண்டாம்?”

தளவாய் யோசித்துப் பார்த்தான். காரணம் ஒன்றும் தட்டுப்படவில்லை. “இருக்கட்டும் சார்” என்றான்.

டிரான்ஸ்ஃபார்மர் செய்யும் தொழிற்சாலையில் வரைபடப் பிரிவில் அவனுக்கு வேலை. செவ்வாயும் வெள்ளியும் அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு ஊருக்கு வெளியே இருக்கும் மேலக்கரைப் பல்கலைக்கழகத்துக்குப் போவான். அங்கே அவன் மனைவி பாடம் எடுத்துக்கொண்டிருந்தாள்.

அவள் இறந்து மூன்று மாதம் ஆகியிருந்தது.

*

உமையாள் அங்கே மொழியியல் துறையில் உதவிப் பேராசிரியை. முதலாண்டுப் பிள்ளைகளுக்கு ‘பொது மொழியியலும் வரலாற்று மொழியியலும்: ஓர் அறிமுகம்’ என்ற பாடம் அவளுடையது. பருவத்தின் நடுவில் ஒரு நாள் காலை, வகுப்பு வாசலில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். தளவாய்க்கு முப்பத்தொரு வயது. அழத்தான் வேண்டும். அழுகை வரவில்லை. பல் டாக்டர் ஊசி போட்டபின் கன்னம் இருக்குமே, அதுபோல உடம்பு முழுக்க இருந்தது.

காரியமெல்லாம் முடிந்து சில நாள் கழித்து, உமையாளின் சிநேகிதி ரஹ்மத் நிஷா வீட்டுக்கு வந்தாள். அதே துறையில் மூத்தவள். கணினியை வைத்துப் பழைய மொழிகளை ஆராய்கிறவள். தளவாய் அவளை நிஷாக்கா என்பான்.

“உமையாளை யாருமே பதிவு பண்ணலையா தளவாய்? ஒரு கல்யாண வீடியோகூட இல்லையா?”

“ரிஜிஸ்டர் ஆபீஸ்ல முடிச்சோம் அக்கா.”

இறந்தவர்களைப் பேச வைப்பது இந்தக் காலத்தில் அதிசயம் இல்லை. விட்டுப்போன பதிவுகளையெல்லாம் ஒரு பொறிக்குள் கொட்டினால் போதும். செத்துப்போன கட்சித் தலைவர்கள் தேர்தலுக்குத் தேர்தல் வந்து வாக்குக் கேட்கிறார்கள். உமையாள் மட்டும் எதையும் விட்டுப்போகவில்லை. மலைக்கிராமங்களில் அடுத்தவர் வாய்க்கு முன்னால் மைக் பிடிப்பதே அவள் பிழைப்பாக இருந்தது. அதனாலேயே தனக்கு முன்னால் பிடிக்க விடமாட்டாள். மைக்கைப் பார்த்ததும் எந்த மனுஷனும் வேறு மனுஷனாக ஆகிவிடுவான் என்பாள். வகுப்பில் ஃபோனை வெளியே எடுத்தால் பிடுங்கி ஜன்னல் திண்டில் வைத்துவிடுவாளாம். மிஞ்சியவை, பால் வாங்கிவரச் சொல்லும் சில குரல் செய்திகள்தான்.

“குரலுக்கு அது போதும்” என்றாள் நிஷா. “பேச்சுக்குத்தான் வேற வழி வேணும். மூலத் திராவிட மொழியை யாராவது பதிவு பண்ணி வெச்சாங்களா? இல்ல. பிள்ளைகளை வெச்சு அம்மாவைக் கண்டுபிடிச்சோம். தமிழ், தெலுங்கு, கன்னடம், துளு, கோண்டி எல்லாத்துலயும் மிச்சம் கிடக்கறதைப் பக்கத்துல பக்கத்துல அடுக்குனா, இவங்க எல்லாரும் எங்கேருந்து வந்தாங்கன்னு புலப்படும். அந்த வேலையை ஒரு தனி மனுஷிக்குச் செஞ்சு பார்க்கப் போறேன்.”

“அவளுக்குப் பிள்ளை இல்லையே அக்கா.”

“அவ கூடப் பேசுன எல்லாரும்தான். மாணவர்கள் இருக்காங்க. காரைக்குடியில அவ அம்மா இருக்காங்க. எல்லாருக்கும் மேல நீங்க இருக்கீங்க. கூட வாழ்ந்தவங்க வாயில ஒருத்தர் பேச்சு ஒருத்தருக்குப் போய்ச் சேர்ந்துரும்.”

“நான் பேசறதே கம்மி.”

“அது தெரியும். அவ அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பா. கம்மியா பேசறவன்தான் நிறைய எடுத்து வெச்சிருப்பான்.”

இரண்டு நிபந்தனைகளையும் அவளே சொன்னாள். சட்டப்படி, இறந்தவரின் மீட்டெடுத்த பேச்சு ஒலிக்கும் அறையில் நெருங்கிய உறவினர் ஒருவர் உட்கார்ந்திருக்க வேண்டும். பருவம் முடிந்ததும் அவரே வாயால் சம்மதம் சொன்னால் அது நிரந்தரம். மற்றக் கல்லூரிகளுக்கும், எல்லா வருடங்களுக்கும் உமையாளே இந்தப் பாடத்தை எடுப்பாள். சம்மதம் இல்லையென்றால் அழித்துவிட வேண்டும்.

“இப்பவே முடிவு சொல்ல வேண்டாம். பிள்ளைங்க பாதிப் பாடத்துல நிக்குது. அதை மட்டும் முடிச்சுக் கொடுப்போம்.”

தளவாய் “ம்” என்றான்.

*

ஆய்வகத்தில் அவனைப் பேச வைத்தார்கள். எதைப் பற்றி வேண்டுமானாலும் பேசலாம் என்றார்கள். அவன் டிரான்ஸ்ஃபார்மர் சுருள்களைப் பற்றியும், வாடகை வீடு தேடிய கதையையும், கடைசிக் காலையையும் சொன்னான். பொறி அவன் பேச்சிலிருந்து பிறந்த ஊரான திருநெல்வேலியைக் கழித்தது. தொழிற்சாலையைக் கழித்தது. அவன் அண்ணனைப் பேச வைத்து, அண்ணனையும் கழித்தது. மிச்சத்தை மாணவர்கள் பேச்சோடும் அவள் அம்மா பேச்சோடும் ஒப்பிட்டது.

“ஒரு விஷயத்தைச் சொல்லி முடிச்சதும் ‘அவ்ளோதான் சங்கதி’ன்னு சொல்றீங்களே, அது யாரோடது தெரியுமா?” என்று ஒரு நாள் நிஷா கேட்டாள்.

“என்னோடது.”

“உங்க அண்ணன் சொல்லல. உங்க ஆபீஸ்ல சொல்லல. அவ அம்மா சொல்றாங்க. பிள்ளைங்க பாதிப் பேர் சொல்றாங்க.”

தன் வாயையே யாரோ வாடகைக்கு எடுத்திருந்தது போல அவனுக்கு இருந்தது. அந்த நினைப்பு பிடித்தும் இருந்தது.

*

முதல் நாள் வகுப்பில் மேசைமேல் ஒரு சிறிய ஒலிபெருக்கி, ஒரு கேமரா. அவ்வளவுதான். படம் எதுவும் வேண்டாமென்று நிஷா சொல்லிவிட்டாள். தளவாய் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தான். பிள்ளைகள் அவனைத் திரும்பிப் பார்க்காமல் இருக்கப் படாத பாடு பட்டார்கள்.

ஒலிபெருக்கி கனைத்தது.

“எல்லாரும் வந்தாச்சா? வராதவங்க கையைத் தூக்குங்க.”

வகுப்பு திடுக்கிட்டது. பிறகு சிரித்தது. ஒரு பெண் அழுதாள். உமையாள் தினமும் இதையேதான் சொல்வாளாம். தளவாய்க்குத் தெரியாது.

“நடுவுல கொஞ்ச நாள் விட்டுப்போச்சு. முதல் நாள்லேருந்து வேகமா ஒரு ஓட்டம் ஓடிரலாம். வீடு கூட்டுறது எதால? ஷெர்லின்?”

“வாரியல் மேம்.” அவள் மார்த்தாண்டத்துக்காரி.

“நாச்சிமுத்து?”

“சீமாறுங்க மேடம்.” அவன் கோபிசெட்டிபாளையம்.

“தொடப்பம்” என்றது சென்னை. “வெளக்கமாறு” என்றது மதுரை.

“வெளக்கமாறா! அதை வச்சு வெளக்கா ஏத்துவிய?” என்றாள் ஷெர்லின்.

“நீங்க வாரியலை வெச்சுத் தலை வாருவீங்களாட்ட இருக்குதுங்க” என்றான் நாச்சிமுத்து.

“சண்டை போட்டாச்சா? இப்ப சொல்லுங்க, இதுல எது சரி?” என்றது உமையாளின் குரல்.

நான்கு ஊரும் தன் சொல்லையே மறுபடி சொன்னது.

“குப்பை போகுதா?”

“போகுது மேம்.”

“அப்ப எல்லாம் சரி. அவ்ளோதான் சங்கதி. அடுத்தவன் சொல்லைப் பார்த்துச் சிரிக்கிறவனுக்கு இந்தப் பாடம் ஏறாது. ஏன் மாறுச்சுன்னு கேக்குறவனுக்கு ஏறும்.”

தளவாய் நிமிர்ந்து உட்கார்ந்தான். அவன் வீட்டில் அது வாரியல். கல்யாணமான மூன்றே வருடத்தில் விளக்குமாறு ஆகியிருந்தது. எந்த நாளில் மாறியது என்று கேட்டால் அவனால் சொல்ல முடியாது.

“பால்னு நாம சொல்றோம். கன்னடத்துல ஹாலு. நமக்குப் பல், அங்க ஹல்லு. நமக்குப் புலி, அங்க ஹுலி. இதுல எது பழசு?”

“தமிழ்தான் மேடம், அதுல என்ன சந்தேகம்!” என்று ஒரு பையன் கத்தினான். கைதட்டல் எழுந்தது.

“தட்டி முடிச்சாச்சா? இப்ப காரணம் சொல்லுங்க.”

கைதட்டல் அடங்கியது.

“தெலுங்கைக் கேளுங்க, துளுவைக் கேளுங்க. அங்கேயும் ‘ப’தான் நிக்குது. எல்லாத்துக்கும் மேல, கன்னடத்தோட பழைய கல்வெட்டுகளையே கேளுங்க. அங்கேயும் ‘ப’. கன்னடத்துலதான் பின்னால மாறியிருக்கு. பெருமைக்காகச் சொன்ன பதில் தற்செயலா சரியா இருக்கலாம். அதுக்கு நான் மார்க் போட மாட்டேன். காரணத்துக்குத்தான் மார்க்.”

கைதட்டிய பையன் தலையைச் சொறிந்துகொண்டே சிரித்தான். திட்டு வாங்கியவன் முகத்தில் இப்படியொரு சந்தோஷத்தைத் தளவாய் பார்த்ததில்லை.

பிறகு நட்சத்திரம் வந்தது. இந்தப் படிப்பில் ஒரு மரியாதை உண்டு. யாரும் கேட்டறியாத, எந்தக் கல்லிலும் ஓலையிலும் இல்லாத, ஒப்பிட்டுப் பார்த்து ஊகித்துக் கண்ட வடிவத்தை எழுதும்போது அதற்கு முன்னால் ஒரு நட்சத்திரக் குறி போடவேண்டும். இது என் ஊகம், நான் கேட்டதில்லை என்று படிக்கிறவனுக்குச் சொல்லிவிடுகிற குறி. எழுத்தில் இருந்த இந்த வழக்கத்தை உமையாள் பேச்சுக்கும் கொண்டுவந்திருந்தாள். வகுப்பில் யார் ஊகத்தைச் சொன்னாலும், அவளே சொன்னாலும், மற்றவர்கள் ஐந்து விரலையும் விரித்துக் கையை உயர்த்த வேண்டும்.

“இந்த அத்தனை மொழிக்கும் தாய்மொழியில ‘கண்’னு ஒரு சொல் இருந்திருக்கணும்” என்றது குரல்.

கைகள் உயர்ந்தன. கடைசி பெஞ்சிலிருந்து பார்க்கையில் வகுப்பு முழுக்க விரல்களாக இருந்தது.

“சபாஷ். கையை விரிக்கிறதுல வெட்கமே இல்ல. கண்டவனெல்லாம் எல்லாம் தெரியும்கிறான். எனக்கு எது தெரியும், எது ஊகம்னு பிரிச்சுச் சொல்ல ஒரு குறியையே கண்டுபிடிச்சு வெச்சிருக்கோம். அதுக்காகவே நான் இந்தப் படிப்புக்கு வந்தேன்.”

இதையெல்லாம் அவள் வீட்டிலும் சொல்லியிருப்பாள், சோற்றுத் தட்டுக்கு எதிரே உட்கார்ந்து. அவன் “ம்” என்றிருப்பான். ஒரு பள்ளிக்கூட வாத்தியாரைப் போல ஏதோ சொல்லிக்கொடுக்கிறாள் என்றுதான் நினைத்திருந்தான். அவள் சொல்லிக்கொடுத்தது நேர்மையை. அதுவும் சிரிக்கச் சிரிக்க.

செவ்வாயையும் வெள்ளியையும் எதிர்பார்த்துத் தளவாய் ஷேவ் செய்யத் தொடங்கினான்.

*

வகுப்பு முடிந்ததும் பிள்ளைகள் போய்விடுவார்கள். நிஷா ஒரு டீ குடித்துவிட்டு வரும்வரை பொறியை அணைக்காமல் விட்டுப்போவாள். இரக்கத்தில் செய்த காரியம்தான். தப்பும் அதுதான். மொழியியல்காரர்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு. அது தப்பென்று அவர்களுக்கு மட்டுமே நன்றாகத் தெரியவும் தெரியும்.

முதல் தடவை அவன் ஒன்றே ஒன்று கேட்டான்.

“அன்னைக்குக் காலையில என்கிட்ட என்ன சொல்லிட்டுப் போன?”

“சாயங்காலம் சீக்கிரம் வந்திருவேன்பா. கோயிலுக்குப் போயிட்டு அப்படியே வெளிய சாப்பிடலாம்” என்றது உமையாளின் குரல்.

அவள் அப்படிச் சொல்லவில்லை. அது தளவாய்க்கு அப்போது நிச்சயமாகத் தெரியும். ஆனால் அந்த ‘வந்திருவேன்பா’ அச்சு அசல் அவள்தான். அடுத்த வெள்ளியும் கேட்டான். அடுத்த செவ்வாயும். ஒவ்வொரு தடவையும் சொன்னது. ஒரு தடவை சிரித்துக்கொண்டே சொன்னது. அந்தச் சிரிப்பைப் பஸ்ஸில் வரும் வழியெல்லாம் வைத்திருந்தான்.

பருவம் முடிய இரண்டு வாரம் இருக்கையில் காரைக்குடியிலிருந்து அவள் அம்மா பேசினார்.

“மாப்ளை, சாப்ட்டீகளா?”

“ஆச்சு அத்தை.”

“அவ கனாவுல வந்தா. ஒண்ணும் பேசல. பேசாமலே போயிட்டா பாவி. உங்ககிட்டயாச்சும் ரெண்டு வார்த்தை பேசிட்டுப் போனாளே.”

“சாயங்காலம் சீக்கிரம் வந்திருவேன்னு சொன்னா அத்தை. கோயிலுக்குப் போகலாம்னு சொன்னா.”



“அப்படியா? அன்னைக்கு ஆஸ்பத்திரி வாசல்ல வச்சு வேற என்னமோ சொன்னீகளே மாப்ளை.”

“என்ன சொன்னேன்?”

“யாருக்குத் தெரியும்? நான் இருந்த இருப்புல எதைக் கேட்டேன்? ஆனா கோயிலுன்னு சொல்லல. சொல்லியிருந்தா மனசுல நின்னிருக்கும்.”

ஃபோனை வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தான். தேடினான். அந்தக் காலையில் குளியலறைக் கதவு இருந்தது. அவன் உள்ளே இருந்தான், தலையில் சோப்பு நுரை. கதவுக்கு வெளியே அவள் நின்றாள். அவள் வாய் திறந்ததும், சாயங்காலம் சீக்கிரம் வந்திருவேன்பா என்று வந்தது. மறுபடி தேடினான். மறுபடியும் அதுவே வந்தது. ஒலிபெருக்கி உமையாள் கதவுக்கு வெளியே வந்து நின்றுகொண்டு, அசல் உமையாளை நகரச் சொல்லிவிட்டாள்.

அவளிடமிருந்து அவனுக்கு மட்டுமே சொந்தமாக வந்த கடைசி வாக்கியம். உலகத்தில் அதற்கு ஒரே சாட்சி அவன். சாட்சி மறந்துவிட்டான். ஆய்வகத்தில் அவன் அந்தக் காலையைச் சொன்ன பதிவும் இல்லை. உமையாள் பேச்சைப் பிரித்து எடுத்ததும் மூலப் பதிவுகளை அழித்துவிட வேண்டும் என்பது சட்டம்.

மூன்று மாதத்தில் முதல் தடவையாக அவனுக்கு வலித்தது.

*

வெள்ளிக்கிழமைப் பாடம் களப்பணி. ஊர் ஊராய்ப் போய்ப் பேச்சைச் சேகரிப்பது எப்படி என்று குரல் சொல்லிக்கொண்டிருந்தது.

“போற இடத்துல முதல்ல தண்ணி கேளுங்க. கொடுத்தா குடிங்க. கேள்வி பிறகு. ஒண்ணு மட்டும் செய்யவே கூடாது. உங்க ஊகத்தை அவங்க காதுல போட்டுறக் கூடாது. ‘இதை நீங்க இப்படித்தானே சொல்லுவீங்க?’ன்னு கேட்டா, மரியாதைக்கு ஆமாம்பாங்க. நாலு தடவை கேட்டா அவங்களுக்கே அதுதான் ஞாபகமா ஆயிரும். அப்புறம் அந்தச் சாட்சி போச்சு.”

நிஷா கதவோரம் நின்றிருந்தாள். அவள் முகம் வெளுத்ததைத் தளவாய் கவனித்தான். அவன் எழுந்து நின்றான்.

“ஒரு கேள்வி.”

வகுப்பு திரும்பியது. அந்த பெஞ்சிலிருந்து யாரும் இதுவரை ஒரு சத்தமும் கேட்டதில்லை.

“கேளுங்க” என்றது குரல். பிறகு, தணிந்து: “தளவாயா?”

“ஆமா. அப்படிப் போன சாட்சியைத் திரும்பக் கொண்டுவர முடியுமா?”

“எது போச்சு?”

“நீ கடைசியா சொன்னது.”

“அதுவா? சாயங்காலம் சீக்கிரம்...”

முன் பெஞ்சில் ஷெர்லின் கையை உயர்த்தினாள். ஐந்து விரலும் விரிந்திருந்தன. அவளைப் பார்த்து நாச்சிமுத்து உயர்த்தினான். அப்புறம் ஒவ்வொருவராக, கடைசியில் வகுப்பு முழுக்க. நிஷாவும் கதவோரம் நின்றபடி மெல்லக் கையை உயர்த்தினாள்.

கேமரா அந்தக் கைகளைப் பார்த்தது. குரல் நின்றது.

“சரிதான்” என்றது. “நான் கேட்டதில்ல. எனக்குக் கிடைச்சதை வெச்சு, அவ இப்படிச் சொல்லியிருப்பான்னு நினைக்கிறேன். முதல் நாளே என் மேல நட்சத்திரம் போட்டிருக்கணும் நீங்க. கேட்கிறது மேடம் குரல்ங்கிறதால விட்டுட்டீங்க. நானும் சொல்லாம விட்டுட்டேன். இத்தனை நாள் நான் பேசுன ஒவ்வொரு வாக்கியத்துக்கும் இப்ப போட்டுக்குங்க.”

கைகள் இறங்கவில்லை.

“தளவாய், முடியுமான்னு கேட்டீல்ல? உறுதி சொல்ல மாட்டேன். ஒரு வழி இருக்கு. ஒரு ஒலி செத்துப்போகும்போது சும்மா போறதில்ல. பக்கத்துல இருக்கறதைக் கொஞ்சம் வளைச்சு வெச்சுட்டுப் போகும். அதனால போனதையே தேடிக்கிட்டிருக்காத. அதுக்குப் பக்கத்துல எது வளைஞ்சிருக்குன்னு பாரு. காரணமில்லாம நீ செய்யிற காரியம் ஏதாவது இருக்கா?”

“தெரியல.”

“பாரு. என்கிட்டக் கேக்காத. இனிமே என்கிட்ட அதைக் கேக்கவே கூடாது.”

தளவாய் உட்கார்ந்தான். பொறி என்று நினைத்துத்தான் கேட்டான். பதில் சொன்ன நேர்மை யாருடையது என்பதில் அவனுக்குச் சந்தேகம் இருக்கவில்லை. பேச்சை மட்டும் எடுத்ததாகத்தான் நிஷா நினைத்திருந்தாள். பேச்சோடு அதுவும் ஒட்டிக்கொண்டு வந்திருந்தது.

*

மறுநாள் சனிக்கிழமை. தளவாய் விடிந்ததும் எழுந்தான். பல் தேய்த்தான். மோட்டாரைப் போட்டான். பால் வைத்தான். கூட்டினான். காபி குடித்தான். பின்பக்கம் போய்ச் சுவரில் சாய்ந்து நின்றான்.

மோட்டார் தானாக நின்றது.

தண்ணீர் வழியவில்லை. சுவிட்சை நோக்கி அவன் கை போய், பாதியில் நின்றது.

“மாட்டிட்டேன்யா!” சுயம்புலிங்கம் கீழேயிருந்து குரல் கொடுத்தார். “நேத்து நீ இல்லாதப்ப ஆளைக் கூட்டியாந்து மாட்டிட்டேன். கோவிச்சுக்கிடாத. இனிமே நீ நிக்க வேண்டாம்.”

தளவாய் கையை இறக்கவில்லை. வேலை இல்லாமல் போன கை அந்தரத்தில் இருந்தது. ஏன் நின்றேன் தினமும்? ஏன் வேண்டாமென்றேன் அவரிடம்? குளியலறைக் கதவு வந்தது. சோப்பு நுரை வந்தது. கதவுக்கு வெளியே அவள் செருப்பை மாட்டும் சத்தம் வந்தது. சாயங்காலமும் கோயிலும் ஒரு பக்கமாக ஒதுங்கின. அவள் பேசினாள்.

அவன் அங்கேயே, ஈரத் தரையில், உட்கார்ந்துவிட்டான். வெகுநேரம் அழுதான். சுயம்புலிங்கம் பதறி மேலே ஓடிவந்தார்.

“ஒரு சென்சாருக்காய்யா அழுத? கழட்டிருதேன், இப்பவே கழட்டிருதேன்!”

அழுகையோடு தளவாய்க்குச் சிரிப்பும் வந்தது. “கழட்டிருங்க சார்” என்றான்.

*

கடைசி வகுப்பு முடிந்தது. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பிள்ளைகள் கையை உயர்த்தியதில் எல்லாருக்கும் தோள் வலி. சிரித்துக்கொண்டே கலைந்தார்கள். தளவாயும் நிஷாவும் மிஞ்சினார்கள்.

“கிடைச்சுதா?” என்றது குரல்.

“கிடைச்சுது.”

“சொல்லாத. சொன்னா நானும் அதைச் சொல்ல ஆரம்பிச்சிருவேன். அழகாவும் சொல்லுவேன். அப்புறம் உனக்குக் குழப்பம். அவ்ளோதான் சங்கதி.”

நிஷா ஒலிவாங்கியை அவன் முன்னால் நகர்த்தினாள். சம்மதத்தை அதில்தான் சொல்ல வேண்டும். அவள் கண் சிவந்திருந்தது.

“மன்னிச்சிருங்க தளவாய். சாட்சி காதுல ஊகத்தைப் போடக் கூடாதுன்னு பாடத்துலயே சொல்லிக்கொடுக்கற விதி. நானே மறந்துட்டேன். அவ பேசறதைக் கேக்கணும்னு எனக்கும் ஆசை, அதான்.”

“எனக்குந்தான் அக்கா.”

அவன் ஒலிவாங்கிப் பக்கம் குனிந்தான். “சம்மதம் இல்லை” என்றான். பிறகு ஒலிபெருக்கியைப் பார்த்து, “நல்லா பாடம் எடுத்த” என்றான். உயிரோடிருந்தவளிடம் சொல்லாததை அதனிடம் சொன்னான். சொல்லாமல் போவதை விட அது பரவாயில்லை என்று பட்டது.

“போயிட்டு வா” என்றது குரல். தளவாய் ஐந்து விரலையும் விரித்துக் கையை உயர்த்திக் காட்டினான். அது சிரித்தது. நிஷா பொறியை அணைத்தாள்.

வராந்தாவில் நடக்கையில் நிஷா மூக்கை உறிஞ்சினாள்.

“அடுத்த வருஷம் இந்தப் பாடம் என் தலையில. பிள்ளைங்க என்னைக் கிழிச்சுத் தொங்கவிடப் போகுது. வராதவங்க கையைத் தூக்குங்கன்னு அவளை மாதிரி எனக்குச் சொல்ல வருமா?”

“இப்ப சொன்னீங்களே.”

நிஷா நின்றாள். அவனைப் பார்த்தாள். தான் சொன்னதை ஒரு தடவை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

“கடைசி பெஞ்சுல எனக்கு இடம் போட்டு வைங்க” என்றான் தளவாய்.

மறுநாள் விடிந்ததும் எழுந்தான். மோட்டாரைப் போட்டான். சென்சார் கழற்றிய இடத்தில் பூசிய சிமென்ட் மட்டும் தனி நிறமாகத் தெரிந்தது. சுவரில் சாய்ந்து நின்றான். தண்ணீர் ஏறும் சத்தத்துக்கு உள்ளே அந்தக் காலை இருந்தது. உள்ளே அவன், கண்ணெல்லாம் சோப்பு. வெளியே அவள், தோளில் பை, ஒரு காலில் செருப்பு. கதவைத் தட்டினாள்.

“தளவாய், மோட்டார் போட்டிருக்கேன். தொட்டி ரொம்புனதும் நிறுத்திரு. ம்-னு சொல்லாத, நிறுத்து.”